கருவாடு மணத்த இலாபம்

பதுளையில் ஒருவரைப் பார்த்து வயதைக் கேட்கலாம். சம்பளத்தைக் கேட்கலாம். கல்யாணமாகி இத்தனை காலமாகியும் வீட்டில் தொட்டில் ஆடாதது ஏன் என்று, நெரிசலான பஸ்ஸின் பின் இருக்கையிலிருந்து முன் இருக்கைக்குக் கேட்கும்படி உரக்க விசாரிக்கலாம். காசை எங்கே போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் எவரும் எவரையும் கேட்பதில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கேட்பதில்லை; டவுன் பஜாரிலும் கேட்பதில்லை. கேட்டவருக்குக் கைமாற்று தேவைப்படுகிறது என்று அர்த்தம். பதில் சொன்னவரோ அன்று மாலையே பத்துப் பேருக்குக் கைமாற்றுக் கொடுக்க வேண்டியவராகிவிடுவார். இந்த விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த விதி எதற்கும் இந்த மலைநாட்டில் இவ்வளவு கீழ்ப்படிவு கிடைத்ததும் இல்லை.

ஆகவே, தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற றீட்டா தன் காசைப் பற்றிய கதையைக் கோழிகளிலிருந்து தொடங்கியபோது ஷெல்டன் வியப்படையவில்லை.

“கோழி ரெண்டு செத்துப்போச்சுங்க மிஸ். அப்புறம் அடுப்படிக் கூரையில தகரம் ஒண்ணைக் காத்து தூக்கிருச்சு.”

“ம்,” என்றாள் ஜெமீலா.

“மழையும் இந்தத் தடவை சரியில்ல.”

தையற்கடைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறையில் தனியார் விசாரணை அலுவலகம் நடத்துவதற்கு முன், ஜெமீலா ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவள். தாலிக்கொடியை அடகு வைக்க வந்தவர்கள் அதைக் கவுண்டரில் வைப்பதற்கு முன் வானிலையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவசரப்படுத்தியதே இல்லை. அவளுடைய உதவியாளனும், சாரதியும், ஒரே ஊழியனுமான ஷெல்டனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஸ்பிரிங்வெளியில் பிறந்து, டவுனில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் அவனுடைய வாய், வண்டியைவிட வேகமாக ஓடும்.

“அக்கா, கோழிக்குத் துப்பறியிறதில்ல நாங்க,” என்றான் அவன். “ஆனா ஒங்களுக்கு நன்றி சொல்லணும். நீங்க ஏறினதும் என் ஓட்டோவுல குடியிருந்த கரப்பான் எல்லாம் குடும்பத்தோட எறங்கிருச்சு. மருந்துச் செலவு மிச்சம்.”

“பொட்டியில பூச்சி உருண்டை போட்டு வச்ச சேலைப்பா. டவுனுக்கு வர்றப்ப மட்டுந்தான் எடுக்கிறது.”

“சேலை மட்டுமா? நீங்க குடுத்த வாடகைக் காசும் அதே மணம்.”

றீட்டா சட்டென்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஜெமீலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“போனது எங்கண்டு நான் கேக்கல்ல அக்கா,” என்றாள், விதிக்கு உரிய மரியாதையோடு. “வந்தது ஏதும் ஈந்தா, அதக் காட்டுங்க.”

இப்படிக் கேட்டால் பதில் சொல்லலாம். கைப்பைக்குள்ளிருந்து ஒரு பச்சைக் கடித உறை வெளியே வந்தது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் அச்சிட்ட உறை. கீழே ‘பசுந்தளிர் முதலீட்டு வட்டம்’ என்ற பெயர். “இந்த மாசத்து லாபம்,” என்றாள் றீட்டா. அதன்பின் அணை உடைந்தது.

ஓய்வுபெற்றதும் அவளுடைய சேமலாப நிதி வங்கிக் கணக்குக்கு வந்தது. எடுக்கப் போன அன்று வரிசையில் அவளுடைய லயத்தவர் மூன்று பேர் நின்றார்கள். வங்கி வாசலில் நிற்பதே கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி அல்லவா? முழுவதையும் வழித்தெடுத்துத் தகரப் பெட்டிக்குள் கல்யாணச் சேலையின் மடிப்பில் வைத்தாள். அங்கே சில மாதம் கிடந்தது. அப்போதுதான் டவுனில் ‘முதன்முதலாக முதலீடு செய்வோருக்கான இலவச வகுப்பு’ தொடங்கியது. நடத்தியவர், பதுளை வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒரு மனிதர். பெயர் கேட்கவும் யாருக்கும் துணிவு வரவில்லை. கோட் சேர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். தேயிலையை வாங்கிக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டில் விற்பதாகவும், வட்டத்தில் போட்ட காசுக்கு மாதாமாதம் நூற்றுக்கு எட்டு இலாபம் தவறாமல் வருமென்றும் அவர் சொன்னார். றீட்டா பெட்டியைக் காலி செய்து போட்டாள். சொன்னபடி தவறாமல் வந்தது.

“அப்ப என்ன குறை?” என்றான் ஷெல்டன்.

“ஹாலிஎல ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல ஒரு சின்னக் கடை வருது தம்பி. காலையில ரொட்டி, பின்னேரம் வடை. நாளைக்கு முற்பணம் கட்டலைன்னா வேற ஆளுக்குப் போயிரும். என் வாழ்நாள்ல இன்னொருத்தன் தராசுல நிறுக்காத காசுன்னா அந்தக் கடை ஒண்ணுதான்.” அவள் குரல் தாழ்ந்தது. “போட்ட மொதலைத் திருப்பிக் கேட்டேன். காசு இப்ப கப்பல்ல இருக்கும்மா, கப்பலைத் திருப்ப முடியுமாங்கிறாரு.”

“பதுளைக்கு ரயில் வர்றதே பெரிய பாடு. இதுல கப்பல் வேற.”

ஷெல்டனின் தொலைபேசி அலறியது. பின்னேரம் கல்யாண மண்டபத்து வாசலிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரு ஹயர் சவாரி. பெரிய சூட்கேஸ் ஒன்று உண்டு. “வர்றேன் சேர்,” என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பியவன், தன் முதலாளி செய்துகொண்டிருந்த காரியத்தைக் கண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தான். உறைக்குள் மூக்கை நுழைத்து, கண்களை மூடி, ஜெமீலா ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், அது லாபம். மல்லிகைப்பூ இல்ல.”

“மணந்து பாரு.”

முகர்ந்தான். முகம் கோணியது. “கருவாடு.”

“கட்டாக் கருவாடு. அதோட கராம்பும்.”

“ஒரு தேசிக்காய் புளிஞ்சா சோத்துக்கு ஆச்சு.”

ஜெமீலா றீட்டாவைப் பார்த்தாள். “இது தேயில வித்த காசெண்டு சொன்னாரு, என்ன?”

றீட்டா உறையை வாங்கித் தானும் முகர்ந்தாள். மெல்ல மெல்ல அவள் நெற்றி சுருங்கியது. வாசனைச் சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் கால் வைத்தால்கூட ஏச்சு விழும். பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் தேயிலை தன் மேல் இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே வளர்ந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கருவாட்டுக்கு அருகில் தேயிலை வியாபாரம் செய்யும் மனிதன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், அல்லது தேயிலையையே கண்டிராதவனாக இருக்க வேண்டும்.

“இன்னொண்டும் ஈக்கி அக்கா. ஏலத்தில தேயில வெல ஒரு கெழம ஏறும், மறு கெழம எறங்கும். ஒங்கட லாபம் எப்பயாச்சும் எறங்கினதா?”

“ஒரு மாசமும் இல்லிங்க.”

“அப்ப அது தேயிலையில வந்ததில்ல.”

கராம்பு விடயத்தில் ஷெல்டனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. கருவாட்டுப் பெட்டிக்குள் பூச்சி வராமலிருக்கக் கராம்பு தூவுகிற கடை பஜாரில் ஒன்றே ஒன்றுதான்: மொஹிதீன் ஹாஜியாரின் கடை. “மத்தக் கடையில தூவுறது உப்பும் சத்தியமும்தான்,” என்றவன் சாவியைச் சுழற்றினான். “கேஸ் முடிஞ்சு மிஸ். கோட் சேருக்குப் பின்னால நிக்கிற பெரிய கை ஹாஜியார். அவரு காசை எறக்குறாரு, கோட் ஆளைப் புடிக்குது.”

“கேஸ் முடிஞ்சா நமக்குச் சம்பளம் எங்க?” என்றாள் ஜெமீலா. “வண்டிய எடு.”

றீட்டாவைக் கடைக்குச் சற்றுத் தள்ளி முச்சக்கர வண்டியிலேயே இருத்திவிட்டு, இருவரும் உள்ளே நுழைந்தார்கள். மொஹிதீன் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நீதிபதியைப் போல வீற்றிருந்தார். உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து தட்டுமுட்டுச் சத்தம் வந்தது. அது அவருடைய மனைவி ஸித்தி ஸுபைதா. கடை அவர் பெயரில் இருந்தது; காசு போடும் லாச்சியின் சாவி அந்த அம்மாவின் முந்தானையில் இருந்தது.

“கட்டா அரைக் கிலோ தாங்க ஹாஜியார்,” என்ற ஜெமீலா ஓர் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினாள்.

“மாத்தக் காசில்லயே மகள். இப்பதான் லாச்சிய வழிச்செடுத்திட்டுப் போனா.”

“அப்ப வேற கடையில பாக்கிறன்.”

வந்த வியாபாரத்தைத் திருப்பியனுப்புவது ஹாஜியாரின் இரத்தத்தில் இல்லை. அவர் திரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்புக்குள் கைவிட்டு எதையோ பாதி வெளியே இழுத்தார். பச்சை உறை. இரண்டு இலை, ஒரு குருத்து. அதிலிருந்து தாள்களை எண்ணிக் கொடுத்துவிட்டு மின்னல் வேகத்தில் மீண்டும் செருகிக்கொண்டார்.

ஷெல்டன் முழங்கையால் ஜெமீலாவை இடித்தான். ‘பிடிபட்டார்’ என்று அவன் கண் சொன்னது. ஆனால் ஜெமீலா மீதிக் காசை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அதை அவனிடம் நீட்டினாள்.

கருவாட்டை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்திருந்த ஷெல்டன், மெல்ல அதை விட்டு, மறுபடி இழுத்தான். இந்தக் கடையில் இருக்கவே முடியாத ஒரு மணம். காலையில் அவனுடைய கரப்பான்களைக் குடும்பத்தோடு குடிபெயர்த்த அதே மணம்.

“பூச்சி உருண்டை,” என்றான். “மிஸ், இது றீட்டாக்காவோட கல்யாணச் சேலை.”

“இப்ப சொல்லு. ஹாஜியார் பெரிய கையா?”

கை என்ன, அவரும் மாட்டிக்கொண்ட ஒரு விரல்தான் என்பது ஷெல்டனுக்கு விளங்கியது. பஜாரில் போட்ட முதல் லயத்துக்கு இலாபமாகப் போயிருக்கிறது. லயத்தில் போட்ட முதல் பஜாருக்கு இலாபமாக வந்திருக்கிறது. இடையில் ஒரு கொழுந்துகூட ஆயப்படவில்லை. கோட் சேர் இரண்டு கட்டுகளையும் கலந்து கொடுத்திருந்தால் எந்த மூக்காலும் பிடித்திருக்க முடியாது. அந்தச் சிரமத்தைக்கூட மனிதர் எடுக்கவில்லை.

“அப்ப அந்தக் கப்பல்?”

“கப்பலுக்கு என்ன வேல? பஜார்லேந்து லயத்துக்கு, லயத்திலேந்து பஜாருக்கு. ஒன்ட ஓட்டோவே போதும்.”

தராசுக்கு அப்பாலிருந்து ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கை தானாகவே சாரத்தின் மடிப்பைப் பொத்திக்கொண்டது. அவர் முன்னால் குனிந்து, அரைக் குரலில் பேசினார்.

“மகள், எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் ஈக்காரு. நானில்ல. வேற ஆள்.”

“விளங்குது ஹாஜியார்.”

“அவருக்கு வட்டி வாங்கேலா, ஹராம். இது வட்டியில்ல, லாபமெண்டு சொல்லித்தான் அந்தக் கோட்டுக்காரன் வாங்கினான். அவரு பொஞ்சாதிக்குத் தெரியாம, காசக் கருவாட்டுப் பெட்டிக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தவரு. அந்த மனிசி அதில மட்டுந்தான் கை போட மாட்டா.”

“அந்த ஆளு ஒங்க மாதிரியே தாடி வச்சிருப்பாரோ?” என்று ஷெல்டன் வெகு பணிவாகக் கேட்டான். ஜெமீலாவின் குதிகால் அவன் பெருவிரலைத் தேடி வந்தது.

“ஆரு அது வெளியில?” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“ஒண்டுமில்ல. கட்டாக்கு வெல கேக்கிறாங்க.” ஹாஜியார் ஒரு துண்டைச் சத்தம் கேட்கத் தராசில் போட்டார். “அந்த ஆள் இனி என்ன செய்ய, மகள்?”

ஜெமீலாவும் குரலைத் தாழ்த்தினாள். அந்த ஆள் அவசரத்துக்கு வேண்டியதை முதலில் தனியாக ஒதுக்கட்டும், என்றாள். கடையை நாலைந்து மாதம் பூட்டினாலும் அடுப்பெரியிற அளவு. அதில் கை வைக்கக்கூடாது. அதற்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் முதலீடு என்று பேசலாம். வட்டி ஆகாதென்றால் வட்டியில்லாத கணக்கு திறக்கிற வங்கி இருக்கிறது. எங்கே போட்டாலும், வைப்பு வாங்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மத்திய வங்கியைக் கேட்காமல் போடக்கூடாது. “ஏறி எறங்கிற எடத்திலயும் போடலாம் ஹாஜியார், தப்பில்ல. ஆனா தொடக்கத்தில கொஞ்சமா. அந்தக் காசு இல்லாம சில வருஷம் தூங்க ஏலுமெண்டா மட்டும். எறங்கவே எறங்காதெண்டு ஒருத்தன் சொன்னா, அந்தப் படியால எறங்கி வீட்டுக்கு வந்திரணும்.”

“கருவாடும் அப்படித்தான்,” என்றார் ஹாஜியார் துயரத்தோடு. “கெட்டே போகாதெண்டு சொல்றவன்ட்ட நான் சரக்கெடுக்கிறதேயில்ல.” சொன்ன பிறகுதான் அது தனக்கே கேட்டது போலும். கண்ணை மூடிக்கொண்டார்.

“பொலிஸில சொல்ல அந்த ஆள் வருவாரா?”

அவர் திரையைப் பார்த்தார். “ஏலா மகள். சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும், அவரு எங்க போட்டாரெண்டு.”

வண்டியில் ஏறியதும் றீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் அழவில்லை. பச்சை உறையை மடியில் வைத்து, அதன் மேலிருந்த இரண்டு இலையையும் குருத்தையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

அன்றைய வகுப்பு கல்யாண மண்டபத்தில். வாசலில் வண்டியை நிறுத்தி ஜெமீலாவையும் றீட்டாவையும் உள்ளே அனுப்பியதுமே, மண்டபத்துக் காவலாளி ஒரு பழுப்பு நிறச் சூட்கேஸை இழுத்து வந்து, “ஸ்டேஷன் ஹயர் ஒங்களுக்குத்தானே? கோட் சேர் ஏத்தி வைக்கச் சொன்னாரு. கொழும்பு ரயிலுக்காம்,” என்றான். ஷெல்டன் அதைப் பின்னிருக்கைக்குப் பின்னால் ஏற்றினான். ஏற்றும்போது அவன் மூக்கு அனிச்சையாகச் சூட்கேஸின் விளிம்புக்குப் போனது. கராம்பு, கட்டா, பூச்சி உருண்டை, சாம்பிராணி, மிளகாய்த்தூள், யாரோ ஒருவருடைய கோழிக்கூடு. பதுளை மாவட்டம் முழுவதும் ஒரே பெட்டிக்குள் படுத்திருந்தது. அவன் பின்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான்.

மண்டபம் நிறைந்திருந்தது; ஆனால் எவரும் எவருக்கும் பக்கத்தில் இல்லை. ஒவ்வொருவருக்கும் இடையில் ஒரு வெற்று நாற்காலி. தெரிந்தவர் கண்ணில் பட்டால், “சும்மா, மழைக்கு ஒதுங்கினேன்,” என்றார்கள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. முன்வரிசையில் மொஹிதீன் ஹாஜியார், ‘அந்த ஆளுக்கு’ப் பதிலாக வந்தவர்போல, குடையை முழங்காலுக்கு நடுவே ஊன்றி அமர்ந்திருந்தார்.

“மிஸ்,” என்று ஷெல்டன் ஜெமீலாவின் காதில் மூச்சு வாங்கினான், “அந்த ஹயர் இவருதான். சூட்கேஸ் என் ஓட்டோவுல. ஊரே அதுக்குள்ள மணக்குது.”

“பூட்டினியா?”

“பூட்டாமயா?”

“பொலிஸோட போன்ல பேசினன். வர ரெடி. ஆனா முறைப்பாட்டாளர் ஒருத்தர் வேணுமாம். போட்ட ஆள் வாயத் தொறந்து, இன்னாருக்கிட்ட போட்டேனெண்டு சொல்லோணும்.”

“அது மட்டும் இந்த ஊர்ல கெடைக்காது மிஸ். வேணும்னா நான் எழும்பிக் கேக்கவா?”

“நீ கேட்டா பகிடி. நான் கேட்டா விசாரண. போட்ட ஆள் கேட்டாத்தான் அது கேள்வி.”

மேடையில் கோட் சேர் ஒலிவாங்கியைத் தட்டினார். இன்று ‘தங்கப் படி’ என்ற விசேஷத் திட்டத்தின் கடைசி நாள் என்றார். இன்று மட்டும் போடுகிறவர்களுக்கு இலாபம் நூற்றுக்குப் பன்னிரண்டு. போடாதவர்கள் வாழ்நாள் முழுவதும் இந்த நாளை நினைத்து வருந்துவார்கள். சொல்லும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அங்கங்கே கைப்பைகள் திறக்கும் ஓசை கேட்டது. தலைகுனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல், ஒவ்வொருவரும் காசை எண்ணத் தொடங்கினார்கள்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

றீட்டா எழுந்து நின்றாள். எழுந்ததோடு நிற்கவில்லை, வெற்று நாற்காலிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். “அம்மா, கேள்வி நேரம் கடைசியில,” என்றார் கோட் சேர். அவள் மேடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மொஹிதீன் ஹாஜியாருக்கு முன்னால் போய் நின்று, பச்சை உறையைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். அவருடைய கண்கள் விரிந்தன. தன் பெட்டியின் மணத்தை அறியாத வியாபாரி உண்டா?

பிறகு அவள் நிமிர்ந்தாள். ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் கொழுந்தெடுப்பவளைக் கூப்பிட வாழ்நாள் முழுதும் பழகிய குரல் அது, ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

“நான் என் சேமலாபக் காசு அத்தனையையும் இந்தக் கோட்டுக்காரருகிட்டத்தான் போட்டேன்,” என்றாள். “மொதலாளி, நீங்க எங்க போட்டீங்க?”